நியூட்ரலில் மலை இறங்காதீர்!

மழை தொடங்கினால் நம் வீடுகளில் கவலையும் தொடங்கிவிடுகிறது. நிக்டியிலிருந்து மும்பைக்கு வண்டியோட்டும் நம் தோழர்கள் கண்டாலா மலைச்சரிவில் இறங்கியாக வேண்டும். முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து பனிக்கட்டிபோல் வழுக்கும். இமயத்துப் பனிச்சாலைக்குரிய விதிகளே இங்கும் பொருந்தும்: வேகத்தைக் குறையுங்கள், முன்செல்லும் வண்டிக்குப் போதிய இடைவெளி விடுங்கள், பிரேக்கைத் திடீரென மிதிக்காதீர்கள்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். எஞ்சினின் பிடி விட்டுப்போகும். பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காது. முதலாளியின் ஆட்டோமேட்டிக் காரை ஓட்டுவோரும் 'டி'யை மட்டும் நம்பாமல், சரிவு தொடங்குமுன்பே 'எல்' போன்ற தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா? தேய்ந்த டயரை மாற்றாதவர் யார்? டீசல் கணக்குக் கேட்டு நியூட்ரல் போட வைப்பவர் யார்? நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. நடப்பது என்ன? உறக்கமற்ற கண்களோடு மலையிறங்குகிறோம்.

தேய்ந்த டயரோடு இறங்கமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் டயர் வரும். சேர்ந்து சொல்வோம்!