தனி ஆளுக்கு இடமில்லையாம்!

மழைக்குள் கோல்ப் ஆடுகிறவனைப் பற்றி நம்மவரிடம் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, அவனுக்குப் பைத்தியம். மற்றது, அவனுக்குப் பணத்திமிர். தனியாகவும் ஆடுகிறான் என்றால் இரண்டும் சேர்ந்துவிட்டதென்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இத்தீர்ப்பை எழுதுகிறவர்களுள் முற்போக்கு நண்பர்களும் உண்டு, கழக அங்கத்துவத்தைப் பூணூல்போல அணிந்து திரியும் பெரிய மனிதர்களும் உண்டு. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத இவ்விரு சாராரும் ஒத்துப்போகும் விடயம் இது ஒன்றுதான். இரு சாராரோடும் எனக்கு வழக்குண்டு.

முதலில் முற்போக்கு நண்பர்கள். கோல்ப் வெள்ளைக்காரத் துரைமாரின் மதில் சூழ்ந்த விளையாட்டு என்கிறார்கள். துரைமார் கொண்டுவந்தது உண்மை. மதில் பிறகு வந்தது. கொழும்பு கோல்ப் கழகம் 1879இல் தொடங்கப்பட்டபோது பந்தை அடித்தது எங்கே தெரியுமா? கொள்ளுப்பிட்டியின் வாசலில் கிடக்கும் காலிமுகத்திடலில். அதன் கடலோர நடைபாதையை 1859இல் கட்டிமுடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணும்படி தமக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லில் எழுதி நாட்டினார். துரை பந்தை அடிக்க, ஆயாக்கள் குழந்தைகளோடு குறுக்கே நடக்க, விளையாட்டு ஊரின் நடுவே நடந்திருக்கிறது. 1896இல் கழகம் பொரளைக்குப் பெயர்ந்தது. 1928இல் ‘றோயல்’ பட்டமும் கிடைத்தது. இன்றும் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அந்தப் புல்வெளியை ஊடறுத்துத்தான் செல்கிறது. சீசன் டிக்கட்டோடு மிதிபலகையில் தொங்கும் எழுதுவினைஞர் அந்தப் பச்சையை நாள்தோறும் பார்க்கிறார். இறங்கி அதில் நடக்க அவருக்கு வழியில்லை. என் கோபம் அந்த வழியின்மை மீது. விளையாட்டு எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

இனிப் பெரிய மனிதர்கள். இவர்களுக்கு கோல்ப் என்பது நால்வர் கூடும் வியாபாரம். கேள்வி மனுவும் கடனும் சம்பந்தமும் பேசிமுடிப்பதற்குப் பதினெட்டுக் குழிகள் வசதியான தூரம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கழகத்தில் (பெயர் வேண்டாம்) தனியாக ஆட அனுமதி கேட்டேன். “தனி ஆளுக்கு இங்கே இடமில்லை, நாலு பேரோடு வாருங்கோ ஐயா” என்றார் பொறுப்பாளர். மழை தூறிக்கொண்டிருந்தது. மைதானத்தில் ஒரு காகமும் இல்லை. அந்த மனிதரைக் குறைசொல்ல மாட்டேன். கோல்ப் விதிநூலின் ஒழுக்கப் பகுதியே அப்படித்தான் இருந்தது. தனியே ஆடுபவருக்கு மைதானத்தில் எந்தத் தகுதியும் கிடையாது, எதிர்ப்படும் எல்லா ஆட்டத்துக்கும் அவர் வழிவிட வேண்டும் என்ற வாசகம் 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. நூலிலிருந்து நீங்கியது, மனத்திலிருந்து நீங்கவில்லை.

அதே விதிநூல் மழையைப் பற்றிச் சொல்வதை இவர்கள் படிப்பதில்லை. மோசமான வானிலை மட்டும் ஆட்டத்தை நிறுத்தப் போதிய காரணமாகாது. மின்னல் அபாயம் உண்டென்று நியாயமாக நம்பினால் மாத்திரமே ஆட்டக்காரர் தாமாக நிறுத்தலாம். மழைநீர் தேங்கிய இடத்தில் பந்து விழுந்தால் தண்டனையின்றி எடுத்து வைக்கலாம். ஆக, விதி மழையை ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடி முழங்கும் நம் ஊரில் மின்னலுக்கு அஞ்சுவது அறிவு. தென்மேல் பருவத்தின் தூறலுக்கு அஞ்சுவது சப்பாத்தின் மீதுள்ள பாசம்.

இன்னொரு விதியும் உண்டு. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹண்டிகப் முறையின்படி, தனியே ஆடிய ஆட்டத்தின் புள்ளிகள் கணக்கில் சேரா. கூட ஒருவராவது இருக்க வேண்டும். இதைத் தனியாளுக்கு எதிரான விதி என்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அந்த ஒருவர் நண்பராகவோ அங்கத்தவராகவோ உங்கள் சாதிசனமாகவோ இருக்க வேண்டுமென்று விதி கேட்கவில்லை. அந்நியர் போதும். இலண்டன் றிச்மண்ட் பார்க்கில் தொழிலாளருக்கெனவே 1923இல் திறந்த பொது மைதானமொன்று இருக்கிறது. அங்கே ஒரு தூறல் நாளில் முன்பின் அறியாத இருவரோடு ஆடினேன். ஒருவர் குழாய் திருத்துபவர், மற்றவர் ஓய்வுபெற்ற தாதி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவர் பந்தை மற்றவர் தேடிக்கொடுத்தோம். எந்த ஊர், எந்தச் சமயம் என்று எவரும் கேட்கவில்லை.

கொழும்புத் தமிழனுக்கு இதன் அருமை தெரியும். 1956 யூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வாவின் தலைமையில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்ததும் அடிவாங்கியதும் அதே காலிமுகத்திடலில்தான். அன்று அந்நியன் கல்லோடு வந்தான். 2022 ஏப்ரலில் அதே திடலில் கூடாரங்கள் எழுந்தன. மழையும் சேறும் பொருட்படுத்தாது முன்பின் அறியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கஞ்சி அங்கே பரிமாறப்பட்டது. சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். அந்தக் கூடாரங்கள் சாதித்தது எவ்வளவு என்பது வேறு வழக்கு. ஆனால் வேலியில்லாத ஒரு புல்வெளி இருந்தபடியால்தான் அந்நியர் இருவர் அங்கே சந்திக்க முடிந்தது. மதில் எழுப்பிய நிலத்தில் அது நடவாது.

“சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் கோல்ப் ஒரு கேடா?” என்று கேட்பீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டி நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற பின்னர் மழையைக் கொண்டாடி எழுதும் துணிவு எனக்குமில்லை. நியாயமான கேள்வி. நிலம் இவ்வளவு அருமையானதென்றால், அது மழைநாள் முழுவதும் வெறிச்சோடிக் கிடப்பதை எப்படி ஏற்கிறீர்கள் என்பது என் மறுகேள்வி. கோல்ப்பின் தாய்வீடான ஸ்கொட்லாந்தின் சென். அன்ட்றூஸ் பழைய மைதானம் பொது நிலம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமில்லை, ஊரார் நாய்களோடு உலாவுகிறார்கள். முன்பு தனியாட்கள் விடியவிடிய வரிசையில் நின்று அந்நியர் குழுவில் இடம்பிடித்தார்கள். 2024 முதல் அவர்களுக்கெனத் தனிக் குலுக்கலே உண்டு. தாய்வீடு தனியாளுக்குக் கதவு திறக்கிறது. நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் தாய்வீட்டாரை விடப் பெரிய துரைமார்.

நான் கேட்பது அதிகமில்லை. மழைப் பின்னேரங்களில், மின்னல் இல்லாதபோது, ஒரு சினிமா டிக்கட்டின் விலைக்கு மைதானத்தைத் திறந்துவிடுங்கள். தனியே வருகிறவரைத் தனியே வந்த இன்னொருவரோடு சேர்த்து அனுப்புங்கள். பை சுமக்கும் தொழிலாளிக்கு ஆட்டம் நடந்தால்தான் கூலி. மழையால் ஆட்டம் நின்ற நாளுக்கும் அவருக்கு ஒரு தொகை கொடுங்கள். புல் பழுதாகிவிடும் என்று சொல்லாதீர்கள். உங்கள் பத்தாயிரம் ரூபாய்ச் சப்பாத்து மிதித்தால் பழுதாகாத புல், பாட்டா செருப்புக்குப் பழுதாகப்போவதில்லை.