நெய்வேலி சுரங்கம்: தோண்டிய மண் எங்கே போகிறது? எடுத்த நிலம் திரும்ப வருமா?

2023 ஜூலை கடைசியில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நின்ற பயிருக்குள்ளேயே பொக்லைன் இறங்கிய காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட என்.எல்.சி. எடுத்த நடவடிக்கை அது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று முடிவானது.

சரி, நிலக்கரி எடுக்கிற நிறுவனம் எதற்கு ஆற்றை நகர்த்தணும்? அங்கேதான் விஷயமே இருக்கு.

திறந்தவெளிச் சுரங்கம் ஒரே இடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் தோண்டுவார்கள், பின்பக்கம் மூடுவார்கள். முன்னால் ஆறு வந்தாலும் ஊர் வந்தாலும் ரோடு வந்தாலும் விலக்கித்தான் ஆகணும்.

ஒரு டன்னுக்கு எவ்வளவு மண்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் உயரத்துக்கு மண்ணும் மணற்கல்லும் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டும். இரண்டாம் சுரங்கத்தின் திறன் ஆண்டுக்கு 1.5 கோடி டன். கணக்குப் போட்டால் அந்த ஒரு சுரங்கத்தில் மட்டும் வருஷத்துக்கு 7.5 கோடி கன மீட்டருக்கு மேல் மண். பேருக்குத்தான் நிலக்கரிச் சுரங்கம், பெரும்பாலான வேலை மண் அள்ளுவதுதான்.

இவ்வளவையும் லாரியில் ஏற்றி மாளாது. அதனால்தான் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வெட்ட, கன்வேயர் பெல்ட்டில் மண் போய், மறுமுனையில் இன்னொரு இயந்திரம் அதைப் பரப்புகிறது. நாட்டின் மற்ற பல சுரங்கங்களில் இந்த வேலையை டம்பர் லாரிகளே செய்கின்றன. அங்கே ரோடுதான் உயிர்நாடி. ஏற்றம் 16 அடிக்கு ஓர் அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொது விதி, சரிவுப் பாதைகளுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு. ரோட்டோரம் எழுப்பும் மண்கரை, அங்கே ஓடும் பெரிய வண்டியின் டயர் உயரத்துக்குக் குறையக்கூடாது. பிரேக் போனால் வண்டியைத் தடுக்க அது ஒன்றுதான் இருக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் லாரி நாள் முழுக்கச் சுற்றணும், இல்லைன்னா புழுதியில் முன்னால் போற வண்டியே தெரியாது.

மண்மேடு சரிந்தால்?

சுரங்கம் தொடங்கும்போது பின்னால் நிரப்பப் பள்ளம் இருக்காது. எனவே முதலில் எடுத்த மண்ணை வெளியே குவிக்க வேண்டியதுதான். நெய்வேலியைச் சுற்றி மலை மாதிரி தெரிகிற மேடுகள் அப்படி வந்தவை. வெட்டிய மண் தளர்ந்து முன்பைவிட அதிக இடம் பிடிக்கும். மழை நீர் உள்ளே இறங்கினால் கனம் கூடும், பிடிப்பு குறையும். அதனால் மேட்டைப் படிப்படியாக அமைத்து, தண்ணீர் வடிய வாய்க்கால் விட்டு, புல்லும் செடியும் நடுகிறார்கள். இதைச் சும்மா அழகுக்காகச் செய்வதாக நினைக்க வேண்டாம். 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மஹல் நிலக்கரிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

மூடினால் வயலாகுமா?

இதற்கு 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. நிலத்தின் மேல் ஓரடி, இரண்டடி மண்ணில்தான் உயிர் இருக்கு. அதைத் தனியாக எடுத்து வைத்து, சீக்கிரம் மேலே பரப்பினால் பயிர் வர வாய்ப்புண்டு. குவியலாக வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் குறைந்து சத்துப் போகும். அடியில் இருந்த மணற்கல் மேலே வந்துவிட்டால் சவுக்கு வளரலாம், நெல்லுக்கு உரமும் உழைப்பும் வருஷக்கணக்கில் கொட்டணும். நிரப்பிய மண் படியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் உடனே வீடு கட்டவும் முடியாது.

முழுப் பள்ளமும் மூடப்படாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு குழி மிஞ்சும், பெரும்பாலும் அது ஏரியாகும். ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழைய பழுப்பு நிலக்கரிக் குழிகள் இன்று சுற்றுலா ஏரிகள். ஆனால் அதே நாட்டில் நாக்டர்ஷ்டெட் ஊரில் 2009 ஜூலையில் இப்படியொரு ஏரிக்கரை சரிந்து, வீடுகளோடு மூன்று பேர் போனார்கள்.

பணம் யார் கொடுப்பது?

மத்திய நிலக்கரித் துறை விதிப்படி, சுரங்கத்தை மூடும் செலவுக்கான தொகையை நிறுவனம் முன்கூட்டியே தனிக் கணக்கில் ஆண்டுதோறும் போட்டு வர வேண்டும். செய்த வேலையைச் சரிபார்த்த பிறகே, ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தோண்டி முடித்த இடத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்று குத்தகை நிபந்தனையில் சேர்க்கும்படி 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது.

ஆனால் நிலம் கொடுத்தவர் கேட்பது வேறு: "சரி பண்ணின நிலத்தை எனக்கே திருப்பித் தருவீங்களா?" 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 101ஆவது பிரிவு, ஐந்தாண்டு பயன்படுத்தாமல் கிடக்கும் நிலத்தைத்தான் திருப்பித் தரச் சொல்கிறது. அதுவும் பழைய உரிமையாளருக்கு அல்லது அரசின் நில வங்கிக்கு. தோண்டி, கரி எடுத்து, மூடிய நிலத்தைப் 'பயன்படுத்தாத நிலம்' என்று வாதாடுவது கஷ்டம். மூடும் திட்டத்தில் எத்தனை மரம் நட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கும். பட்டா யார் பேரில் இருக்கும் என்பதைப் பற்றி விதி பேசுவதில்லை.