மாற்றா? ஏமாற்றா?

மண்ணைத் தோண்டினாலன்றி டீசல் கிடையாது என்போர், பின்லாந்தைப் பார்க்கட்டும்! அங்கே போர்வோ நகரில், தாவர எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் ஹைட்ரஜனால் பதப்படுத்திப் புதுப்பிக்கத்தக்க டீசலாக்கும் பணி 2007-இலேயே தொடங்கிவிட்டது. ஆக்சிஜன் நீங்கிய அவ்வெண்ணெய், நிலத்தடி டீசலுக்கு உடன்பிறப்பாகிறது. ஆதலின் எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை. கந்தகம் இல்லையெனத்தக்க அளவே, கரிப்புகையும் குறைவு.

ஆனால், தோழர்களே, காட்டை அழித்துச் செம்பனை நட்டு, அந்த எண்ணெயை எரித்தால், அது மாற்று அன்று, ஏமாற்று! ஏழையின் தாளிப்புக்கு வேண்டிய எண்ணெயைச் சீமானின் வண்டிக்கு வார்ப்பதும் அறமன்று. பொரித்து எஞ்சிய எண்ணெயும் இறைச்சிக்கூடத்துக் கழிவுக் கொழுப்புமே மூலப்பொருளாகட்டும். அவையோ அளவோடு கிடைப்பவை. எனவே, மின்சாரத்தால் இயக்குவதற்கு அரிய பாரவண்டிக்கே முதலிடம் தருக! கழிவு களஞ்சியமாகட்டும்; கஞ்சிக்கலயம் காலியாக வேண்டாம்!