அத்தைக்கு மீசை முளைத்தால்...

பந்திங் வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறானாம். அவனுடைய பயிற்சிப் புத்தகத்தில் 'இஃப் ஐ வேர் எ பேர்ட்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பு இருக்கிறதாம். "நாங்கள் படித்த காலத்தில் 'ஐ' வந்தால் 'வாஸ்', 'வீ' வந்தால் 'வேர்' என்றுதானே அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள்? இது அச்சுப் பிழையா டீச்சர், இல்லை இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்களா?" என்று கேட்கிறார்.

அச்சுப் பிழை இல்லை, அம்மா. சட்டமும் மாறவில்லை. ஆனால் உங்கள் கேள்வி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இதே 'வேர்' விஷயத்தில் என்னை மடக்கிவிட்டாள். இதற்கு முன்பு இந்தப் பக்கத்திலும் நான் ஒரு தவற்றை எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பெரட்டுக் களத்துக்குப் போய் வருவோம்.

நான் பிறந்து வளர்ந்தது பால்மரத் தோட்டம். இன்று அங்கே செம்பனைதான் நிற்கிறது. அந்த நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா லயத்து வாசலில் நின்று கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டோடு புறப்பட வேண்டும். ஆனால் மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. கோட்டில் ஓட வேண்டிய பால் பட்டையெல்லாம் பரவிவிடும். மங்கில் விழுந்த பாலையும் மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். "மழை பெய்தால் வேலை இல்லை" என்பது எங்கள் வீட்டில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி.

அதே அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில், "நாலு நம்பர் அடித்தால் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவேன்" என்பார். உள்ளேயிருந்து பாட்டி உடனே குரல் கொடுப்பார்: "அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா!"

இந்த மூன்று வாக்கியங்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெய்தால், அடித்தால், முளைத்தால். மூன்றுக்கும் அதே 'ஆல்'தான். மழை எத்தனையோ முறை பெய்திருக்கிறது. நம்பர் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். அத்தைக்கு மீசை முளைக்கப் போவதே இல்லை. எது நடக்கும், எது நடக்காது என்பதை 'ஆல்' நமக்குச் சொல்வதில்லை. உலகம் தெரிந்தவர்கள் தாங்களே புரிந்துகொள்கிறோம். மலாய்மொழியிலும் பெரும்பாலும் இதே கதைதான். 'காலாவ்' என்று தொடங்கிவிட்டால் போதும், வினைச்சொல்லுக்கு ஒன்றும் ஆகாது.

ஆங்கிலத்துக்கு இது போதாது. உண்மையாக நடக்கக்கூடியதைச் சொல்கிறாயா, இல்லாததைக் கற்பனை செய்கிறாயா என்று அது வாசலிலேயே நிறுத்திக் கேட்கும். பதிலை வினைச்சொல்லிலேயே காட்ட வேண்டும். மழைக்கு, 'இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, வீ வில் ஸ்டே அட் ஹோம்'. அத்தைக்கு, 'இஃப் மை ஆன்ட் ஹேட் எ மொஸ்டாஷ், ஷீ வுட் பி மை அங்கிள்'. முதலாவதில் 'ரெய்ன்ஸ்', 'வில்'. இரண்டாவதில் 'ஹேட்', 'வுட்'. அத்தைக்கு நேற்று மீசை இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. இறந்தகாலச் சொல் வந்திருக்கிறது, ஆனால் இறந்தகாலம் வரவில்லை!

இங்கேதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். "இன்றைக்கு நடப்பதைப் பற்றிப் பேசும்போது எதற்கு டீச்சர் 'ஹேட்' போடுகிறார்கள்? வெள்ளைக்காரர்களுக்குக் காலம் தெரியாதா?" என்று ஒருவன் கேட்டான். நான் கரும்பலகையில் 'பெய்தது' என்று எழுதினேன். பக்கத்தில் 'பெய்தால்' என்று எழுதினேன். அடுத்து வந்தது, வந்தால். கேட்டது, கேட்டால். போனது, போனால். கொஞ்ச நேரம் வகுப்பு மௌனமாக இருந்தது. பிறகு அந்தப் பையனே, "நாமளும் அதைத்தான் செய்றோம் டீச்சர்!" என்று கத்தினான்.

அப்படித்தான். "நாளைக்கு மழை பெய்தால்" என்று சொல்லும்போது, நாளைய மழைக்கு நேற்றைய மழையின் உருவத்தைத்தான் கடன் வாங்குகிறோம். பழைய தமிழில் 'பெய்யின்', 'வரின்' என்று வேறு வடிவம் இருந்தது. இலக்கணத்தில் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பார்கள். அதில் இறந்தகாலத்தின் சாயல் இல்லை. இன்று பேச்சில் அது போய், 'பெய்தால்' தான் நிற்கிறது. நாம் எல்லாவற்றுக்கும் அந்தக் கடனை வாங்குகிறோம். ஆங்கிலேயர் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யும்போது மட்டும் வாங்குகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான். இதைச் சொன்ன பிறகு என் வகுப்பில் 'ஹேட்'டுக்குப் பயந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

எப்போது 'வுட்' போடுவது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தமிழில் வாக்கியத்தைச் சொல்லி, கடைசியில் "ஆனால் இல்லையே" என்று சேர்த்துப் பாருங்கள். "எனக்கு இறக்கை இருந்தால் பறப்பேன், ஆனால் இல்லையே." பொருந்துகிறது, ஆகவே 'ஹேட்', 'வுட்'. "நாளைக்கு மழை பெய்தால் வீட்டில் இருப்போம், ஆனால் இல்லையே." பொருந்தவில்லை, ஆகவே 'ரெய்ன்ஸ்', 'வில்'. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 'இஃப்' இருக்கும் பக்கத்தில் 'வுட்' உட்காரக்கூடாது. 'இஃப் ஐ வுட் ஹேவ் மணி' என்று எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருக்கிறார்கள்.

இப்போது பந்திங் தாயாரின் 'வேர்'. 'ஹேட்' செய்யும் அதே வேலையைத்தான் இது செய்கிறது. 'ஐ வேர்' என்று கேட்டதும் காது உறுத்துகிறதல்லவா? அந்த உறுத்தல்தான் அடையாளம். இது நேற்றைய கதை இல்லை, கற்பனை என்று அது சொல்லிவிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் கற்பனைக்கென்றே தனி வினை வடிவங்கள் இருந்தன. அவற்றில் மிஞ்சி நிற்பவற்றுள் இதுவும் ஒன்று. பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்று ஆங்கிலேயர்களே சொல்வதுண்டு. அது குற்றமில்லை. ஆனாலும் பரீட்சைத் தாளில் 'வேர்' எழுதுவதே நல்லது. 'இஃப் ஐ வேர் யூ' என்பதை அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். "உன் இடத்தில் நான் இருந்தால்" என்று புத்தி சொல்ல எங்கும் உதவும்.

நடந்து முடிந்ததை மாற்றிக் கற்பனை செய்வது மூன்றாவது வகை. இதைக் கற்றுக்கொடுக்க நான் அதிகம் கஷ்டப்படுவதில்லை. நம் வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் யார்? என் பாட்டி சாகும்வரை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெரியப்பா ஊரில் பிறந்து இங்கே வந்தவர். அவருக்குச் சிவப்பு ஐ.சி.தான். 1957க்குப் பிறகு குடியுரிமைக்கு மனு போடச் சொல்லிப் பலர் நச்சரித்தும், தாத்தா நாளைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்ததும், ஆயிரக்கணக்கானவர்களோடு பெரியப்பா குடும்பமும் கப்பல் ஏறியது. "அன்னைக்கே மனுப் போட்டிருந்தா என் புள்ளை போயிருக்க மாட்டான்" என்பார் பாட்டி. போட்டிருந்தால் என்பது 'ஹேட் அப்ளைட்'. போயிருக்க மாட்டான் என்பது 'வுட் நாட் ஹேவ் கான்'. உறுப்புக்கு உறுப்பு அப்படியே பொருந்துகிறது. நம் மொழியில் இதற்குத் தனி வடிவம் இருப்பதால் பிள்ளைகளும் தடுமாறுவதில்லை.

சரி, அந்தப் பெண் பிள்ளைக்கு வருகிறேன்.

'இஃப் ஐ வேர் எ டாக்டர்' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். அதற்கு முதல் நாள் கரும்பலகையில், "நடக்காத காரியத்துக்கு வேர், வுட்" என்று பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தேன். நாற்பது வாக்கியங்கள் விளக்குவதைவிட இது சுலபம் என்று எண்ணம். இந்தப் பக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவள் தலைப்பை எழுதிவிட்டு, கட்டுரை முழுவதும் 'இஃப் ஐ பிகம் எ டாக்டர், ஐ வில்...' என்றே எழுதியிருந்தாள். அவளுடைய அம்மா செம்பனைத் தோட்டத்தில் குனிந்து குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்குபவர். அம்மாவின் இடுப்பு வலியைத்தான் முதலில் குணப்படுத்துவாளாம். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பதினொரு இடத்தில் வெட்டினேன்.

ஓய்வு நேரத்தில் நோட்டுடன் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், 'வேர்' போட்டா நடக்காததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்."

"அப்போ நான் டாக்டராக மாட்டேனா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தலைப்பு அப்படித்தான்மா இருக்கு. பரீட்சையிலே அப்படி எழுதினாத்தான் மார்க்கு." அவள் ஒன்றும் பேசவில்லை. இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு பிழை இல்லை. ஆனால் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருந்தது. அம்மாவின் இடுப்பு வலி அதில் இல்லை.

இரவு பாத்திரம் கழுவும்போதும் அது மனத்தை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கரும்பலகையில் 'நடக்காத' என்பதை அழித்துவிட்டு 'இப்போது இல்லாத' என்று எழுதினேன். 'இஃப் ஐ வேர் எ டாக்டர்' என்றால், இன்று நான் டாக்டர் இல்லை என்று மட்டும்தான் பொருள். பத்து வயதுப் பிள்ளை இன்று டாக்டர் இல்லை, அதில் பொய் ஒன்றும் இல்லை. நாளையைப் பற்றி அந்த வாக்கியம் வாயே திறக்கவில்லை. நாளையைப் பற்றிப் பேசவேண்டுமானால் அதற்கு வேறு வாக்கியம் இருக்கிறது. அதுதான் அவள் முதலில் எழுதியது. தலைப்புக்கு அது பொருந்தவில்லையே தவிர, ஆங்கிலம் சரியான ஆங்கிலம்தான். இதை வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். நான் வெட்டியதில் பாதி என் விளக்கத்தின் பிழை என்பதையும் சொன்னேன்.

அவள் கையைத் தூக்கினாள்.

"அப்படின்னா கடைசிப் பத்தியிலே மட்டும் 'வில்' போட்டுக்கலாமா டீச்சர்?"

"போடலாம்."

"'இஃப்'புக்குப் பதிலா 'வென்' போட்டா?"

போடலாம் என்றேன். 'வென் ஐ பிகம் எ டாக்டர்' என்றால், ஆகப்போவது உறுதி, எப்போது என்பதுதான் பாக்கி என்று பொருளாகும். அவள் தலையாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள். இடுப்பு வலி திரும்பி வந்தது, கூடவே அடுத்த வீட்டுப் பாட்டியின் நீரிழிவும் வந்தது. இந்தத் தடவை கட்டுரை ஒன்றரைப் பக்கம்.

ஆகவே இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கும் வாசகர்கள், பழைய இதழில் "நடக்காத காரியம்" என்று நான் எழுதிய இடத்தில் "இப்போது இல்லாத காரியம்" என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பந்திங் தாயாரின் மகனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் மூன்று வாக்கியங்கள் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று, நான் தலைமையாசிரியராக இருந்தால் வீட்டுப்பாடமே கொடுக்க மாட்டேன். இரண்டு, பள்ளி வேன் தாமதமாக வந்தால் நான் அப்பாவுக்குப் போன் செய்வேன். மூன்று, நேற்று நீ குடை கொண்டு போயிருந்தால் நனைந்திருக்க மாட்டாய். விடைகள் அடுத்த இதழில்.