இரத்தம் ஏற்றுவதா, பொறுப்பதா?

சென்ற ஆண்டு திருப்பதியில் என் பேத்தி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூன்றாவது வாரம் ஹீமோகுளோபின் 9 என்று ரிப்போர்ட் வந்தது. சித்தூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்திருந்த உறவினர்கள், "என் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். டாக்டரம்மாவோ, "இப்போது வேண்டாம், பார்ப்போம்" என்றார். தெலுங்கு சரியாகப் பேச வராத குடும்பம் என்று அலட்சியமோ என நான் மனத்துக்குள் பொருமினேன். தவறு என்னுடையது.

தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தை பெரும்பகுதி இரும்புச் சத்தைச் சேர்த்துக்கொள்கிறது. முந்திப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஒரு கிலோ குழந்தையின் மொத்த இரத்தமே சுமார் 90 மில்லி. ஒரு காப்பி டம்ளர்கூட நிறையாது. பரிசோதனைக்கென்று அடிக்கடி எடுப்பதும் அதிலிருந்துதான்.

அதற்காக உடனே ஏற்றிவிட வேண்டுமா? 2020-இல் ஐரோப்பாவில் 1013 குழந்தைகளையும், அமெரிக்காவில் 1824 குழந்தைகளையும் வைத்து நடந்த இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. எல்லாம் ஒரு கிலோவுக்கு மிகாத குழந்தைகள். ஒரு பிரிவுக்குச் சற்றுக் குறைந்ததுமே ஏற்றினார்கள். மறு பிரிவுக்கு இன்னும் இறங்கும்வரை பொறுத்தார்கள். இரண்டு வயது வாக்கில் பார்த்தபோது, உயிர் பிழைப்பதிலும் மூளை வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்க ஆய்வில் பொறுத்துப் பார்த்த பிரிவுக்கு, மூன்றாம் வாரத்திலிருந்து வைத்த எல்லை மூச்சுக்கு உதவி வேண்டிய குழந்தைக்கு 8.5, வேண்டாத குழந்தைக்கு 7. டாக்டரம்மா பொறுத்ததற்குக் காரணம் இருந்தது.

பொறுப்பது என்றால் மறுப்பது அல்ல. எல்லைக்குக் கீழே இறங்கினாலோ, இரத்தப்போக்கு, அறுவை சிகிச்சை என்று வந்தாலோ தாமதிக்கக் கூடாது. அப்போது "அந்நியர் இரத்தம் வேண்டாம்" என்று நம்மவர் சிலர் தடுப்பதும் தவறு. உண்மையில் நெருங்கிய உறவினரின் இரத்தத்தைக் கதிர்வீச்சில் பக்குவப்படுத்தாமல் கொடுத்தால், அதிலுள்ள வெள்ளணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கக்கூடும்.

குறைப் பிரசவம் என்று தெரிந்தால், தாயும் சேயும் நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில், தொப்புள் கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்துக் கட்ட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிறகு, "ஏன் ஏற்றவில்லை?" என்று சண்டைக்குப் போகாமல், "எந்த அளவுக்கு வந்தால் ஏற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். மொழி தடையானால் தெலுங்கு தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஐந்தாம் வாரம் பேத்திக்கு 8-க்கு இறங்கியது. ஆக்சிஜன் இன்னும் எடுக்கவில்லை. அன்று டாக்டரம்மாவே எங்களை அழைத்துச் சொல்லி, 15 மில்லி ஏற்றினார். முகம் தெரியாத யாரோ கொடுத்த இரத்தம். திருப்பதியில் ரூயாவிலும் ஸ்விம்ஸிலும் இரத்த வங்கி உண்டு. மடித்த சட்டைக் கையோடு அங்கே போவோமே!