அவள் போகிறாள்

ஜொகூர் பாருவில் என் அண்டை வீட்டுச் சிறுமி, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு பயில்பவள், தன் ஆங்கில அப்பியாசப் புத்தகத்தில் ‘ஷி கோ டு ஸ்கூல்’ என்றெழுதிச் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட வாக்கியத்தைக் கொண்டுவந்து, பிழை எங்கே என்று கலக்கத்தோடு கேட்டாள். மலாயில் ‘டியா பெர்கி’ என்றால் அவனும் போகலாம், அவளும் போகலாம், நேற்றும் போகலாம், இன்றும் போகலாம், வினைச்சொல் உருமாறுவதில்லை. ஆனால் ‘அவள் போகிறாள்’ என்னும் நம் வாக்கியத்தில் காலமும் பாலும் இடமும் வினையிலேயே பதிந்திருப்பதைக் காட்டி, ஆங்கிலத்திலும் படர்க்கை ஒருமைக்கு நிகழ்காலத்தில் ஒரு சிறு விகுதி உண்டு என்றதும், அவளே ‘கோஸ்’ என்று திருத்திக்கொண்டாள்.

2003-இல் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கத் தொடங்கிய மலேசிய அரசாங்கம், பின்னர் அதைக் கைவிட்டு, 2016-இல் இருமொழித் திட்டத்தைக் கொணர்ந்தது. போதனா மொழி பற்றிய அந்த வாதப் பிரதிவாதங்களில் வாக்கிய இலக்கணம் மறக்கப்பட்டது என்பதே என் அபிப்பிராயம்.

செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்னும் நால்வகை வாக்கியங்களைத் தமிழில் அறிந்த பிள்ளைக்கு அவற்றை ஆங்கிலத்தில் புதிதாகப் போதிப்பது வீண் பிரயாசை. வினாவில் துணைவினை எழுவாய்க்கு முன்னே வருவதையும், தமிழில் ஈற்றில் நிற்கும் பயனிலை அங்கே நடுவில் அமர்வதையும் விஸ்தாரமாகப் பழக்கினால் போதும். நாளை பாலம் கடந்து சிங்கப்பூரில் உத்தியோகம் தேடப்போகும் இப்பிள்ளைகளுக்காக, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரம் ஒரு மணி நேரமாவது சேர்ந்தமர்ந்து பாடம் வகுக்க வேண்டும்.