மிதிவண்டியில் வந்த நாடகம்

தெருமுனையில் இரு மரக்கட்டைகள் மோதும் ஒலி எழும். அதனைக் கேட்ட சிறுவர்கள் வீடுகளிலிருந்து ஓடிவந்து கூடுவர். மிதிவண்டியின் பின்புறம் ஒரு சிறு மரப்பெட்டி, அதுவே அரங்கு. அதனுள் அடுக்கப்பட்ட பட அட்டைகளே நாடகம். 1930களில் ஜப்பானின் டோக்கியோ நகரத் தெருக்களில் செழித்திருந்த இக்கலையின் பெயர் ‘கமிஷிபாய்’. ‘கமி’ என்பது காகிதம். ‘ஷிபாய்’ என்பது நாடகம்.

பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்தோர் பலருக்கு இக்கலை சோறிட்டது. படங்களை அவர்கள் வாடகைக்குப் பெற்றனர். காட்சிக்குக் கட்டணம் இல்லை; மிட்டாய் விற்ற காசே வருவாய். வாங்கிய சிறுவர்க்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. நாளையும் அவர்கள் வரவேண்டும் என்பதற்காகவே கதை உச்சகட்டத்தில் ‘தொடரும்’ என நின்றது.

கருவி எளியது; கலை அத்துணை எளியதன்று. முகப்பிலுள்ள அட்டையை உருவிப் பின்னே செருகினால் அடுத்த படம் தோன்றும். ஒரே வீச்சில் உருவினால் திடுக்கிட வைக்கலாம். பாதியில் நிறுத்தினால், கதவு தெரியும். கதவுக்குப் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். எங்கே நிறுத்துவது என்பதைக் கதைசொல்லி சிறுவர்தம் முகங்களைப் பார்த்தே முடிவு செய்வார். பார்வையாளரின் கண்களைப் படித்தறிந்து நகரும் இப்பண்பே இக்கலையின் உயிர்.

அந்த நெருக்கம் நன்மைக்கு மட்டுமே பயன்பட்டதெனச் சொல்ல இயலாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய அரசு இதே பெட்டியைப் போர்ப் பரப்புரைக்குக் கருவியாக்கியது. வீரக்கதை கேட்ட செவிகளில் போர்வெறி ஊட்டப்பட்டது. பழகிய குரல் சொல்வதை மக்கள் எளிதில் நம்பிவிடுவர் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

போருக்குப் பின் இக்கலை மீண்டும் தெருவுக்கு வந்தது. எனினும், 1953இல் ஜப்பானில் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பு பரவப் பரவ, மரக்கட்டை ஒலி ஓய்ந்தது. தொலைக்காட்சியைத் தொடக்கத்தில் ‘மின்சாரக் கமிஷிபாய்’ என்றே மக்கள் அழைத்தனர். இதற்குப் படம் வரைந்த மிசுகி ஷிகேரு போன்றோர் ‘மாங்கா’ எனும் சித்திரக்கதை உலகில் புகழ்பெற்றனர்.

வழக்கொழிந்த கலையைப் பேணுவது வெறும் பழமைப்பற்று எனச் சிலர் கூறலாம். ஆனால், ஜப்பானில் நூலகங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் இது இன்றும் வாழ்கிறது. குழந்தைகள் தாமே படம் வரைந்து கதை சொல்லும் வழக்கமும் அங்குண்டு. இக்கலையை இன்று காக்கவேண்டிய காரணமும் அதிலேயே அடங்கியுள்ளது. பாதிப் படத்தை எங்கே மறைப்பது எனத் தாமே தீர்மானித்துப் பழகிய குழந்தை, பிறர் காட்டும் படத்திலும் மறைக்கப்பட்ட பாதியைத் தேடும். பரப்புரைக்கு எளிதில் இரையாகாத மனத்தை வளர்க்க, ஒரு மரப்பெட்டியும் சில அட்டைகளும் இன்றும் துணைநிற்கும்.